டிரைவர் வரவில்லை

தேடி வந்த டிரைவரை டீ வாங்கிக் கொடுக்காமல் திருப்பி அனுப்பமாட்டார் என்று தீனதயாளனுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கள்ளக்குறிச்சியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்தவனுக்கு லோடு கிடைக்காமல் போகலாம், டீ கிடைக்காமல் போகாது.

லோடு ஏன் கிடைக்காமல் போனது என்பதை மட்டும் அவர் வெளியே சொல்லமாட்டார். சென்னைக் கம்பெனி ஒன்று, செல்போனிலேயே லோடு புக் செய்கிற ஆப்பைக் கொண்டுவந்தது. தீனதயாளன் அதில் சேர்ந்தாரே தவிர, பழைய பழக்கத்தை விடவில்லை. ஆப்பில் புக் செய்த டிரைவர் வண்டியோடு வந்துகொண்டிருப்பான். அதற்குள் அரிசி மில்காரர் போனில் பறப்பார். ஆபீஸ் வாசலில் தெரிந்த லாரி ஒன்று சும்மா நிற்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று லோடை அதில் ஏற்றிவிடுவார். பிறகு புக்கிங்கை ரத்து செய்யும்போது ஆப் காரணம் கேட்கும். ‘ஆபீஸ் மாற்றியது’ என்று தொட்டால் விளக்கம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறக்கும். ‘டிரைவர் வரவில்லை’ என்று தொட்டால் மறுபேச்சு கிடையாது. விரல் எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும்?

அன்று காலை கம்பெனியிலிருந்து அபிநயா வந்திருந்தாள். புக்கிங்குகள் ஏன் பாதியில் ரத்தாகின்றன என்று, ஆப்பில் யாருக்கு லோடு காட்டுவது என்று முடிவு செய்கிற மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை.

“மத்த ஆபீஸ்ல காரணமே சரியா போடமாட்டாங்க சார். நீங்க ஒண்ணு விடாம போட்டிருக்கீங்க. இந்தப் பக்கத்து டிரைவருங்களைப் பத்தி மெஷின் கத்துக்கிட்டதே உங்ககிட்டதான்.”

தீனதயாளனுக்கு உச்சி குளிர்ந்தது. “இன்னா கத்துக்கிச்சு?”

“கல்வராயன் மலையிலேர்ந்து புக் பண்ற வண்டி பெரும்பாலும் வராதுன்னு. அதனால இப்ப அவங்களுக்கு லோடையே காட்டறதில்ல.”

குளிர்ந்த உச்சி அப்படியே வேர்த்தது. மலையிலிருந்து இறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். வாசலில் நிற்கிற லாரியிடம் அதிகம் தோற்றவர்கள் அவர்கள்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். இருபத்திரண்டு வருட நல்ல பெயர் வந்து குறுக்கே நின்றது.

அந்த நேரம் பார்த்தா சின்னதுரை வர வேண்டும்? கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்காரன், சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறவன்.

“ரெண்டு மாசமா போனு அடிக்கவே இல்லீங்கண்ணா. வண்டிய வித்துட்டு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போவலாம்னு நெனச்சிக்கினு இருக்கறேன். வாங்கறவன் நாளைக்கு வரான். அதான் லோடு ஏன் வர்லன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”

அபிநயா அவன் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள். “பதினோரு புக்கிங்ல ஒன்பது தடவை நீங்க வரலியே.”

“ஒம்போது தபாவும் வந்தேனேம்மா. காலி வண்டிய ஓட்டிக்கினு வந்தேன்.” தீனதயாளன் பக்கம் திரும்பினான். “நீங்களே சொல்லுங்கண்ணா. ஒவ்வொரு தபாவும் டீ வாங்கிக் குடுத்து, அடுத்த லோடு உனக்குதான்னு அனுப்பினீங்களே. நீங்க சொன்னா மிசினு கேக்கும்.”

அவன் குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. அதைத்தான் தீனதயாளனால் தாங்க முடியவில்லை. ஊரார் முன்னால் வேட்டி அவிழ்ந்திருந்தால்கூட இப்படிக் கூசியிருக்கமாட்டார்.

“நாந்தாம்பா போட்டேன்,” என்றார் மேசையைப் பார்த்தபடி. “லோட வேற வண்டிக்குக் குடுத்துட்டு, நீ வரலன்னு நாந்தான் போட்டேன். உனக்கு மட்டும் இல்ல, மலைக்காரங்க எல்லாருக்கும்.”

அபிநயா லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தால் மெஷினுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கலாம், ஒரு மாதம் பிடிக்கும் என்றாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் தீனதயாளன் வெளியே பார்த்து ஒரு டீ சொன்னார். “ஒரு மாசம் பொறுத்துக்கப்பா. வண்டிய விக்காத.”

சின்னதுரை கோபப்படவில்லை. “அடுத்த லோடு எனக்குதான், அப்படித்தானேண்ணா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்தான்.

டீ வந்தது. யாரும் தொடவில்லை. தீனதயாளன் முதல் புக்கிங்கைத் திறந்து ‘ஆபீஸ் மாற்றியது’ என்று தொட்டார். விளக்கம் எழுதச் சொல்லிக் கட்டம் திறந்தது. வெகுநேரம் யோசித்து, ‘டிரைவர் வந்தார்’ என்று எழுதினார்.