நாலு மணி ஊசி

மைக்ராஸ்கோப்பிலிருந்து தங்கை தலையைத் தூக்கியபோது காலை பதினொரு மணி. அண்ணன் குறித்திருந்த நாலு மணி ஊசிக்கு இன்னும் ஐந்து மணி நேரம்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஸ்லைடைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அந்த நாய் இன்று சாக வேண்டியதில்லை.

அண்ணன் கால்நடை மருத்துவர், ஆஸ்பத்திரி அவருடையது. தங்கை அங்கே பன்னிரண்டு வருடமாக ரத்தம் பார்க்கிறாள். அவளுடைய லேப் என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து. முன்பு தீவன மூட்டை அடுக்கிவைத்த இடம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். சாயம் ஊற்றி ஊற்றித் தொட்டியே ஊதாவாகிவிட்டது. போன வருடம் அண்ணன் ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் ஒன்று வாங்கினார். இரண்டு நிமிடத்தில் எண்ணித் தாளில் துப்பிவிடும். அதிலிருந்து தங்கையின் வேலை பாதியானது, அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பு கால்வாசியானது.

நாயின் பெயர் மேஸ்திரி. தெருவில் யார் என்ன வேலை செய்தாலும் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் என்பதால் வந்த பெயர். பத்து வயது. அதை வளர்ப்பவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா. நேற்று மத்தியானம் உடைந்த பல்லைப் பிடுங்கத்தான் அழைத்துவந்தார். மயக்க மருந்துக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தொண்ணூறாயிரம் என்றது மெஷின். பதினேழாயிரத்தைத் தாண்டினாலே அதிகம்.

தங்கை அந்த ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துக் காயவைத்துவிட்டு, தன் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக அரைநாள் லீவில் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு அண்ணன் அந்த ஓட்டுநரம்மாவை உட்காரவைத்து, "ரத்தப் புத்துநோய்ம்மா. ரெண்டு வாரம் தாங்கினாலே பெருசு. துடிக்க விடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அவர் அழுது, பிள்ளைகளிடம் சொல்ல ஒருநாள் அவகாசம் கேட்டு, இன்று நாலு மணிக்கு ஒத்துக்கொண்டு போயிருக்கிறார்.

காலையில் வந்து ஸ்லைடுக்குச் சாயம் போட்ட தங்கை இருநூறு அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டாள். வேகமாகக் கொல்லும் ரத்தப் புற்றுநோயில் அணுக்கள் பிஞ்சாக இருக்கும்; பெரிதாக, வளராமல், வேலைக்கு ஆகாமல். இங்கே ஒரு பிஞ்சு கூட இல்லை. எல்லாம் சின்னச் சின்ன உருண்டையாக, முற்றிய அணுக்கள். இது மெதுவாகப் போகும் வகை.

அண்ணன் ஒரு முயலின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். முயலோடு ஆள் வெளியே போகும்வரை தங்கை கதவோரம் நின்றாள்.

"மேஸ்திரி ஸ்லைடு பாத்தீங்களா டாக்டர்?"

"மெஷின் ரிப்போர்ட் பாத்தேனே."

"மெஷின் எண்ணும். தலைய எண்ணிட்டா அது கல்யாணக் கூட்டமா, எழவுக் கூட்டமான்னு தெரிஞ்சுடுமா?"

"தொண்ணூறாயிரம் இருக்கு. அதுக்கு மேல என்ன பாக்கணும்?"

"பிஞ்சா முத்தலான்னு பாக்கணும். எல்லாம் முத்தல். மாத்திரையிலயே ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓடும். உனக்குத் தெரியாததா?"

'டாக்டர்' போய் 'நீ' வந்துவிட்டதை அண்ணன் கவனித்தார். கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்தார்.

"நீ டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் பாத்துட்டுச் சொல்றேன். நீ டாக்டர், பாக்காமலே சொல்லிட்ட."

"இத பாரு. முன்னாடி ஒரு நாய்க்கு இப்படித்தான் நம்பிக்கை குடுத்தேன். பத்தே நாள். மூக்குல ரத்தம் வழிஞ்சு, வீட்டுப் பிள்ளைங்க கண் முன்னாடி செத்துச்சு. இந்த டிரைவரம்மா இப்பத்தான் மனசத் தேத்திக்கிட்டு வருது. இப்ப மாத்திச் சொன்னா என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

அதுவரை தங்கைக்கு இருந்தது எரிச்சல்தான். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் உச்சந்தலைக்கு ஏறியது. "உன் பேருக்கு ஒரு நாயைக் காவு குடுப்பியா?" என்றாள். வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. அண்ணன் கதவைச் சாத்தினார், அவளை வெளியே விட்டு.

பொந்துக்குள் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் போன மாதம் ஞாபகம் வந்தது. முக்குக் கடையில் பூட்டுச் சாவி பழுதுபார்க்கும் பெரியவரின் பழுப்புப் பெட்டை நாய். அதற்கும் மெஷின் எழுபதாயிரம் என்றது. அன்றைக்கே ஊசி போட்டாகிவிட்டது. மெஷின் இருக்கும்போது நான் எதற்கு என்ற வீம்பில் தங்கை அந்த ஸ்லைடுக்குச் சாயம் மட்டும் போட்டுப் பார்க்காமலே பெட்டியில் சொருகியிருந்தாள்.

பெட்டியைத் திறந்து தேடி எடுத்தாள். எண்ணெய்ச் சொட்டு விட்டு லென்ஸை இறக்கினாள். அதே சின்ன உருண்டைகள். எல்லாம் முற்றல்.

அவள் அழவில்லை. அண்ணன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி திரும்பி வந்து தன் கன்னத்திலேயே அறைந்த மாதிரி இருந்தது. அவர் பார்க்காமல் கொன்றார். அவள் பார்க்கக்கூடியவள், கோபித்துக்கொண்டு பார்க்காமல் இருந்தாள்.

இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு போய் அண்ணன் மேசையில் வைத்தாள்.

"இது மேஸ்திரி. இது சாவிக்கடைக்காரரோட நாய். ரெண்டும் ஒண்ணுதான். நீ போன் பண்றியா, நான் பண்ணவா?"

அண்ணன் ஸ்லைடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளே போனை எடுத்தாள்.

ஓட்டுநரம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தது அவள் தப்பு. "நேத்து சாகும்னீங்க, இன்னைக்குச் சாகாதுங்கறீங்களா?" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடவில்லை. "என் சின்னவ காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. பெரியவன் வீட்டுக்குப் பின்னாடி குழி தோண்டி வச்சுட்டு உக்காந்திருக்கான். எங்க உசிரு உங்களுக்கு விளையாட்டா? இருங்க, வரேன்!"

பள்ளி விட்டதும் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்ட கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல், பேருந்தையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் மேஸ்திரி உட்கார்ந்து ஆஸ்பத்திரி வாசலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. அந்தம்மா உள்ளே வந்து போட்ட சத்தத்தில் பூனைக் கூண்டுகள் எல்லாம் கத்தத் தொடங்கின. அண்ணன் தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது, "நான் ஸ்லைடைப் பாக்கலம்மா. பாத்திருக்கணும். தப்பு என்னோடது" என்றார்.

"தப்புன்னா? இதையே நாலு மணிக்கு மேல சொல்லியிருந்தா இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

அண்ணன் தங்கையின் பொந்துக்குள் குனிந்து போனார். ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார். எழுந்தபோது படியில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார். ஓட்டுநரம்மா, "நல்லா வேணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மேஸ்திரிக்கு வேறு ஊசிதான், ரத்தம் எடுக்க. உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி அணுக்கள் ஏறலாம் என்பதால் அதற்கொரு சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. வயிற்றை ஸ்கேன் செய்ததில் மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருந்தது. அணுக்களின் வகையைப் பிரித்துச் சொல்லும் பெரிய லேபுக்கு ரத்தம் போனது. எட்டாம் நாள் பதில் வந்தது: மெதுவாகப் போகும் வகைதான்.

இரண்டு மாத்திரைகள். ஒன்று புற்றணுக்களைக் குறைப்பது; அதை உடைக்கக்கூடாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகள் கிட்டேயே போகக்கூடாது. இன்னொன்று ஸ்டீராய்டு. அதனால் தாகமும் பசியும் கூடும் என்று அண்ணன் சொன்னார். "இதுக்கு மேலயா? ஏற்கனவே வீட்ல செருப்ப மட்டும்தான் மிச்சம் வச்சிருக்கு" என்றார் ஓட்டுநரம்மா. இரண்டு வாரம் கழித்து எண்ணிக்கை அறுபதாயிரம். இரண்டு மாதத்தில் பதினாலாயிரம். அதன் பிறகு அந்த உடைந்த பல்லையும் பிடுங்கினார்கள். நோய் முழுசாகப் போகவில்லை, போகாது என்றும் சொன்னார்கள். இருபது மாதம் மேஸ்திரி தெருவை மேய்த்துவிட்டுத்தான் போனது.

அதற்கெல்லாம் முன்னால், பெரிய லேபின் பதில் வந்த அந்த எட்டாம் நாளே வீட்டில் மறுபடி சண்டை. சாவிக்கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்றாள் தங்கை.

"செத்த நாய்க்கு எதுக்கு ரிப்போர்ட்? ஆறின புண்ணக் கிளறணுமா?"

"ஆறினது அவர் புண்ணா, உன் புண்ணா?"

அண்ணி இருவருக்கும் நடுவில் வந்து நின்று, "ரெண்டு பேரும் குரைக்கறதுல அக்கம்பக்கத்து நாயெல்லாம் வெக்கப்படுது" என்றாள். அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் தங்கை தனியாகப் போனாள். பெரியவர் ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை: மருந்து இருந்தது, யாரும் பார்க்கவில்லை, அந்த ஸ்லைடை அவளும் பார்க்கவில்லை. அரம் நிற்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் நின்றது.

"நீ சொன்னதுல உன் பாரம் இறங்கிடுச்சா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"நல்லபடியா அனுப்பி வச்சேன்னு நினைச்சுட்டு இருந்தேன். அதையும் எடுத்துட்டீங்க. போம்மா. உங்க டாக்டர் எங்க? கால்ல முள்ளா?"

அதை அப்படியே வந்து அண்ணனிடம் சொன்னாள். "நான்தான் சொன்னேனே" என்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அரைமணியில் திரும்பிவந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஷட்டரை இழுத்து விட்டுட்டாரு."

"அப்புறம்?"

"நாளைக்கும் போறேன்."

"போ" என்றாள் தங்கை. அவளுக்கு இன்னும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "அதுக்கு முன்னாடி இந்தத் தட்டுல இருக்கற ஸ்லைடு எல்லாத்தையும் பாத்துட்டுப் போ. ஆறு இருக்கு."

அண்ணன் குனிந்து உள்ளே வந்தார்.