கட்டைவிரல் இல்லாத எடை

பால்பவுடர் டின்னில் கரண்டியைக் காணோம். வில்கின் டின்னைக் குலுக்கினான், கட்டிலுக்கடியில் தவழ்ந்தான், குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தான். கிடைத்தால்தானே! கைக்குழந்தை மெய்ரி பசியில் ஊரைக் கூட்டினாள். மனைவி யாய்ரா சலூனில் யாருடைய சுருட்டை முடியையோ நேராக்கிக்கொண்டிருப்பாள். வேலை நேரத்தில் போனைத் தொட மாட்டாள்.

போதாக்குறைக்கு, அசுவாவிலிருந்து மாமியார் மென்சியா இன்றைக்குத்தான் வருகிறாள். "ஆம்பளைக்குப் புள்ளை வளர்க்கத் தெரியுமா? வந்து பார்ப்பேன். சரியில்லைன்னா என் பேத்தியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று போனிலேயே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பொம்பளை. மகளில்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வீட்டு ஸ்பூன்களோ அளவில் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்து வீட்டு தத்திகா சன்னலில் தலையை நீட்டினாள். "கண்ணளவாப் போடு தம்பி. என் பசங்கள்லாம் அப்படித்தான் வளந்தாங்க."

அந்தப் பசங்களில் ஒருவன் வாசலில் குனிந்துதான் நுழைவான். இன்னொருவன் நாற்காலி போட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவான். கண்ணளவே வேண்டாம் சாமி! கெட்டியாகக் கலந்தால் வயிறு கெடும், தண்ணியாகக் கலந்தால் பிள்ளை தேறாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

டின்னைத் திருப்பினான். ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கிராம் என்றால் தராசு. தராசு என்றால் முனைக்கடை செலோ. செலோவின் கட்டைவிரலையும் சேர்த்துத்தான் அந்தப் பேட்டையே இத்தனை காலமாக சலாமி இறைச்சி வாங்கித் தின்கிறது.

காய்ச்சி ஆறிய தண்ணீர் பாட்டில், கழுவிய கிண்ணம், டின், மகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினான்.

"செலோ, விரலை எடுடா!"

"எங்கடா வெச்சேன்? காத்துல இருக்குது பாரு."

கடை வாசலில் டோமினோ ஆடியவர்கள் ஆட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். "இவனை நம்பாதே வில்கின்! டேய், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குடா!"

செலோ தூக்கினான். வில்கின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தில் பவுடரைத் தட்டினான். அந்த நேரம் பார்த்துத்தானா பஸ் வந்து நிற்க வேண்டும்!

"அடப்பாவி மாப்ளே! என் பேத்தியை இடுப்புல வெச்சுக்கிட்டா கொள்ளையடிக்கிறே?"

ஆளுக்கொரு பக்கம் விளக்கிச் சொல்வதற்குள் மெய்ரி பாலை மடமடவென்று குடித்து, பெரிதாக ஏப்பமும் விட்டாள். மென்சியாவின் முகம் இளகியது. "செலோ கையையே தூக்க வெச்சிட்டியே! பரவாயில்லை மாப்ளே, நீ பொழைச்சுக்குவே."

வில்கினுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும், "இருங்க அத்தை, ஒரு வாய் காபி குடிங்க" என்றான். காபி கொடுக்காமல் யாரையாவது உட்கார வைக்க முடியுமா? அதற்குள் மெய்ரி துணியை நனைத்துவிட்டாள். அவன் மாற்றப் போனான்.

"நீ புள்ளையைப் பாரு, நானே போட்டுக்கறேன்" என்று மென்சியா காபி டப்பாவைத் திறந்தாள்.

டப்பாவோடு அவனிடம் வந்தாள்.

"மாப்ளே, இது என்ன?"

காபித்தூளுக்குள்ளிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு குட்டிக் கரண்டி எட்டிப் பார்த்தது. காலையில் அரைத்தூக்கத்தில் காபி போட்டது அப்போதுதான் வில்கினுக்கு நினைவு வந்தது.

"காபிக்கு அளவு ரொம்பச் சரியா இருந்துச்சு அத்தை..."

மென்சியா கரண்டியைக் கழுவித் துடைத்தாள். "பயப்படாதே. புள்ளையைத் தூக்கிட்டுப் போகல."

வில்கினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஊருக்குப் போய் என் பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன். இனிமே நானும் இங்கதான்."

வில்கின் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான்.