நாற்பத்து மூன்றாவது வளைவில் மண் சரியவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறிக் கிடந்து தானாக வெளிவந்தது அல்ல. ஒருத்தருக்கு அடிக்குறிப்பாகப் பயன்படட்டும் என்று கேட்டு எழுதி வாங்கப்படுகிற கதை. அடிக்குறிப்பு என்றால், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வருமே, நீங்கள் படிக்காமல் தாண்டிப் போவீர்களே, அதுதான். பதினான்கு வருடமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு உருப்படியான காரணத்துக்காக ஒருமுறைகூட எழுதியதில்லை.

கேட்டவர் பாவாயி அக்கா. காரவள்ளிக்காரர், வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வயதில் கொல்லிமலை ரோட்டுக்குக் கல் சுமந்தவர். அப்புறம் பத்தாவது எழுதி, பன்னிரண்டாவது எழுதி, தபாலில் பி.ஏ. முடித்து, இப்போது என்னோடு எம்.ஏ. வரலாறு படிக்கிறார்.

நான் மெர்சி. திண்டுக்கல் பக்கம். மலைமேல் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம், எங்களுக்கு அது இன்னும் பட்டம் தரவில்லை) சனி, ஞாயிறுகளில் சோளக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முதுகலை வகுப்பு நடத்துகிறது. வரலாற்றியல், கல்வெட்டியல், ஆய்வு முறையியல் என்று துண்டுப் பிரசுரத்தில் கனமான பெயர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு நாங்கள் அதையெல்லாம் படித்தோம். வாத்தியார்கள், ஒரு வனக்காவலர், ஒரு கிராம நிர்வாக அலுவலர், நான். மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு வகுப்புகூடத் தவறவிடாதவர் பாவாயி அக்கா மட்டும்தான்.

2

அவருடைய ஆய்வேடு எண்பது பக்கம். மலைச்சாலை வேலையில் பெண்கள் என்பது பொருள். மூன்றாம் இயல்தான் அதற்கு உயிர். 1998 ஐப்பசியில், நாற்பத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்த பெண்கள், கூட வேலை பார்த்த சின்னாயி இறந்துபோனதால் நான்கு நாள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தார். ஆதாரம் கேட்கும் இடத்தில் 'ஆய்வாளர் நேரில் கண்டது' என்று போட்டிருந்தார். அவரும் அதில் ஒருவர். வேறு என்னத்தைப் போடுவார்?

துறைக்குழு திருப்பி அனுப்பிவிட்டது. ஆய்வாளர் தனக்குத் தானே சாட்சியாக முடியாதாம். வாய்மொழியாகச் சொல்வதற்கு அச்சில் வெளிவந்த ஓர் ஆதாரமாவது துணை நிற்க வேண்டுமாம். அச்சில் இருப்பதோ ஒன்றே ஒன்று. அந்த மாதத்துச் செய்தித்தாளில் நான்கு வரி: 'மண் சரிவால் மலைப்பாதையில் நான்கு நாள் போக்குவரத்து பாதிப்பு.' ஆகவே மண் சரிவு என்று திருத்தி எழுத வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் இயலை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பக்கம் போதாது, பட்டம் கிடையாது.

எங்கள் வழிகாட்டி நவநீதகிருஷ்ணன் சார் வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைப் பாவாயி அக்காவிடம் நீட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. மாத்திட்டீங்கன்னா மாசக் கடைசி வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அதோட முடிஞ்சுது."

"எழுதமாட்டனுங்க சார்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க."

"சரிஞ்சிருந்தா சரிஞ்சுதுன்னு எழுதிப்போடலாமுங்க. சரியலீங்களே."

சார் செய்தித்தாள் நகலை எடுத்துக் காட்டினார். பாவாயி அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை.

"ஒரு சான்றைப் பாத்தா, மொதல்ல எழுதுனவன் எங்க நின்னான்னு கேளுன்னு நீங்கதானுங்க சார் சொல்லிக்குடுத்தீங்க. இதுல ஊரு பேரு நாமக்கல்லுன்னு இருக்குது. நாலு நாளும் ரோட்டுல நாங்க இருந்தோம். பேப்பர்க்காரரு ஒருத்தருங்கூட மேல வரலீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர், விதிக்குப் பயந்தவர். "எனக்குப் புரியுதும்மா. குழுவுக்கு அச்சு வேணும். எங்கேயாவது, எதுலயாவது அச்சுல வந்திருந்தா நான் பேசிப் பாக்கலாம்" என்றார்.

நானும் அதைக் கேட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாவாயி அக்காதான் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க மெர்சி, உங்க கதையெல்லாம் அச்சுலதான வருது?"

3

அப்படி மாட்டிக்கொண்டேன். இனி என் திண்டாட்டத்தைக் கேளுங்கள்.

முதல் தொடக்கம்: 'கொல்லிமலையைப் பனி மூடியிருந்த அந்த ஐப்பசிக் காலையில்'

(நிறுத்தினேன். பனி வந்தால் இங்கே துணி காயாது. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'சின்னாயி அன்று சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். அவள் கண்களில் ஆயிரம் கனவு'

(அவர் கனவு எனக்கு எப்படித் தெரியும்? சேலை நிறமும் நானாகப் போட்டது. இரண்டும் போகட்டும்.)

மூன்றாவதைத் தொடங்குவதற்குள் பாவாயி அக்கா பொறுமை இழந்துவிட்டார். சோளக்காடு சந்தையோரம், மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். "நடந்ததச் சொன்னாப் போதாதுங்களா?" என்றார்.

போதும்தான். நடந்தது இது. காலை பத்து மணிவாக்கில் மேலேயிருந்து ஒரு கல் உருண்டு சின்னாயியின் தொடையில் விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் லாரி இருந்தது. ஆனால் மேல் பார்த்து, ஜல்லி நிரம்பி நின்றது. அந்த இடத்தில் திருப்ப முடியாது. மேஸ்திரி வேல்முருகன், மேலே போய் லோடை இறக்கிவிட்டு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி லாரியில் ஏறினார். பெண்கள் காத்திருக்கவில்லை. சேலையில் தூளி கட்டி, அதில் சின்னாயியைப் போட்டு, ஆள் மாற்றி ஆள் சுமந்துகொண்டு இறங்கினார்கள். பதினெட்டாவது வளைவில் பாவாயி அக்கா "எறக்குங்க" என்றார். அதற்கு மேல் ஓட வேண்டிய அவசரம் இருக்கவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் பத்துப் பெண்கள் ஏறிப்போய் அதே வளைவில் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்தார்கள்.

4

கேட்டதும் என் கை அரித்தது. ஒரு பெண் எழுந்து நின்று பேசியாக வேண்டும் என்று எழுதுகிறவளுக்குத் தோன்றும் இடம் இது. எழுதினேன். பத்தொன்பது வயதுப் பாவாயி ஒரு பாறைமேல் ஏறி நின்று, 'எங்கள் உயிர் உங்கள் ஜல்லியைவிட

(பாதியில் விட்டது நான் அல்ல. பாவாயி அக்கா பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.)

"அன்னிக்கி ஒருத்தரும் பேசலீங்க. பேசுனா தொண்ட காயும். தண்ணி கம்மியா இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தோம்."

"கோஷம்கூடப் போடலியாக்கா?"

"யாரு கேக்கறதுக்குங்க? கொரங்குதான் இருந்துச்சு."

அடுத்தது வேல்முருகன். அவருக்கு ஒரு மீசை வைத்திருந்தேன், தடித்த மீசை. குரலையும் கரகரப்பாக்கியிருந்தேன். படித்துவிட்டு அக்கா முகம் சுளித்தார்.

"அவனையுங் கெட்டவனாக்கிப்போடாதீங்க கண்ணு. லோடு எறக்காம வந்தா அவன் வேல போயிரும். ரெண்டாம் நாளு எங்களுக்குத் தண்ணி கொண்டாந்து வெச்சதே அவந்தான். வெச்சுப்போட்டு அழுதான்."

மீசையை எடுத்துவிட்டேன். கதைக்கு வில்லன் இல்லாமல் போனது. எனக்குக் கோபம் வந்தது, சொல்லாமல் என்ன? யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். அப்புறம் தெரிந்தது. மலையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொய், மலைக்கு வராதவர்கள் எழுதிய அந்த நான்கு வரியில் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக அது மட்டும்தான் ஆதாரமாக உட்கார்ந்திருக்கிறது.

5

அந்தப் பெண்கள் கேட்டது என்ன என்பதை இன்னும் சொல்லவில்லை, என் தப்பு. அவர்கள் கேட்டது ஒன்றுதான். வேலை முடிகிறவரை ஒரு வண்டி காலியாக, கீழ் பார்த்து, டிரைவரோடு நிற்க வேண்டும். நான்காம் நாள் சாயங்காலம் ஒரு ஜீப் வந்து நின்றது. கீழ் பார்த்து நின்றது. அதன் பிறகுதான் எழுந்தார்கள். அடுத்த தையில் ஒருத்தருக்கு வேலையிடத்திலேயே இடுப்புவலி கண்டபோது அந்த ஜீப்தான் இறங்கியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.*

* அடிக்குறிப்புக்கு ஓர் அடிக்குறிப்பு: எங்கே கட்டட வேலை நடந்தாலும் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றுதான் பாவாயி அக்கா முதலில் பார்ப்பார். எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸைக்கூட ஒருமுறை திருப்பி நிறுத்தச் சொன்னார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்.

6

பாதி எழுதியதும் நவநீதகிருஷ்ணன் சாரிடம் காட்டினோம். நின்றுகொண்டே படித்தார்.

"மெர்சி, நல்லா இருக்கு. ஆனா இது கதைதானே? கதை எப்படிம்மா சான்றாகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"செய்தின்னு பேரு போட்டு இல்லாதது வந்திருக்குதுங்க சார். அத ஏத்துக்கிட்டீங்க. கதைன்னு பேரு போட்டு நடந்தது வந்தா என்னுங்க?"

சார் பெஞ்சில் உட்கார்ந்து, என் தாளின் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், பக்க எண். "இது நாலும் வேணும். குழு கேள்வி கேக்கத்தான் செய்யும். நானும் கூட இருக்கேன்" என்றார். விதிக்குப் பயந்தவர் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை இப்போது திருத்த மனமில்லை. அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் அதற்கு மதிப்பு.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "கதைக்குள்ள இருக்கற வரியை வேணாம்னு அவங்க அடிக்கலாம். ஆனா துணைநூல் பட்டியல்ல தலைப்பை அப்படியே முழுசா போட்டாகணும். அதைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை."

அதுவரை இந்தக் கதைக்கு 'கீழ் பார்த்து நின்ற வண்டி' என்று அழகாக ஒரு தலைப்பு வைத்திருந்தேன். பாவாயி அக்கா அந்த இடத்திலேயே அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நீங்கள் மேலே படித்தது அவர் வைத்த தலைப்பு.

7

மேற்கோள் காட்ட வேண்டிய பகுதி வருகிறது. இதில் என் கைவரிசை எதுவும் கிடையாது.

1998 ஐப்பசியில் நாற்பத்து மூன்றாவது வளைவில் மண் சரியவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாவாயி, நல்லம்மா, அத்தாயி, கோகிலா, பெருமாயி, பழனியம்மா, குஞ்சாயி, தங்கம்மா, காவேரி, செல்லாயி. நான்கு நாள். சின்னாயிக்காக.

8

முடிவுக்கு வந்தாயிற்று.

ஒரு முடிவு: வியாழக்கிழமை. குழு முழுதும் எழுந்து நின்று கைதட்டுகிறது. (அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாருங்க தட்டுவாங்க? டீயே குடுக்கமாட்டாங்க" என்றார்.)

இன்னொரு முடிவு: குழு மறுத்துவிடுகிறது. பாவாயி அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்து மூன்றாவது வளைவு வருகிறது. தான் கல் சுமந்த சுவரைப் பார்த்து அவர் கண்

மாட்டேன். தோற்றுப்போன பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்க்க நம் எல்லோருக்கும் பிடிக்கும். அந்தச் சுகத்தை உங்களுக்குத் தரப்போவதில்லை. போகட்டும், அவர் எப்போதும் நடுச் சீட்டில்தான் உட்காருவார்.

வியாழக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இதழ் நாளை அச்சுக்குப் போகிறது. குழு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. பாவாயி அக்கா சொல்லப்போவது மட்டும் தெரியும். மறுத்தால் அடுத்த வருடம் மறுபடி பணம் கட்டி, மறுபடி அதே மூன்றாம் இயலைக் கொடுப்பாராம். "நாலு நாளு உக்காந்தவளுக்கு நாலு வருசம் உக்காரத் தெரியாதுங்களா?"

அடிக்குறிப்பை அவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். பக்க எண் மட்டும் பாக்கி. எத்தனையாவது பக்கத்தில் இது வரும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிறது, குனிந்து பாருங்கள். (கைபேசியில் படிக்கிறவர்கள் ஒரு பிரதி வாங்குங்கள்.) பார்த்த பிறகு நீங்களும் இதைப் படித்தவர். கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பேனாவை எடுத்து எண்ணைப் போட்டுவிடுங்கள்.

மெர்சி, 'நாற்பத்து மூன்றாவது வளைவில் மண் சரியவில்லை', பக்கம் ______