பழுப்பாக இருந்த நல்ல தண்ணீர்

மீன் கண்காட்சி வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவளை நன்னீர் அறைக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கடல்மீன் அறையைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவளுடைய அண்ணி, கணவனின் அக்கா. நல்ல தண்ணியைத் தவிர வேறெதையும் தொட்டியில் விட்டுவிடாதே என்று அண்ணி சொல்லியனுப்பியிருந்தாள்.

முதல் நாளே தலை சுற்றியது. சுவரில் ‘நன்னீர் வாழிடங்கள்: ஆறு, ஏரி, குளம், சதுப்பு நிலம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆறு சரி, ஏரியும் சரி. கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் சதுப்பில் ஏது நல்ல தண்ணீர்? அந்தச் சதுப்பு நிலத் தொட்டியோ ஆறிப்போன டீ மாதிரிப் பழுப்பாக இருந்தது. அடியில் மக்கிய இலைகள் வேறு. முன்பு இருந்தவன் கழுவாமலே போய்விட்டான் போலிருக்கிறது.

அறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் தண்ணீர் மங்கலாக வந்தது, மற்றதில் பளிங்கு மாதிரி. எது நல்லது என்று யாரையும் கேட்க வேண்டுமா என்ன? பாதித் தொட்டியை இறைத்துவிட்டுப் பளிங்குத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் மீன்கள் ஒருக்களித்துச் சாய ஆரம்பித்தன. ஓடிப்போய் அண்ணியைக் கூட்டிவந்தாள். அண்ணி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“இது கடல் தண்ணிம்மா. என் ரூமுக்குப் போற குழாய்.”

“தெளிவா இருந்துச்சே அண்ணி.”

“தெளிவுல என்ன இருக்கு? உப்பு இல்லாததுதான் நன்னீர். பழுப்போ கலங்கலோ, இதுங்க அதுலதான் பொழைக்கும்.”

இருவருமாக மீன்களை வலையில் அள்ளி, மங்கல் தண்ணீர் நிரப்பிய வாளிகளுக்கு மாற்றினார்கள். இரண்டு செத்துப்போயின. மற்றவை மெல்லத் தேறின. மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த வேலையைக் கொடுத்தார்: அவள் அறையிலிருக்கும் விலாங்கைக் கடல் அறைக்கு மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

அவள் திகைத்துப்போய் அண்ணியிடம் வந்தாள்.

“இதுவும் செத்துராதா?”

“சாகாது. ஆத்துல வளரும், முட்டை போடக் கடலுக்குப் போகும்.”

“அப்போ இது நன்னீர் மீனா, கடல் மீனா?”

அண்ணி யோசித்தாள். “அதை நான் கேட்டுக்கவே இல்லையே.”

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற பிராணி அது. தண்ணீருக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுமா? அவள் குவளையில் உப்புத் தண்ணீரை மொண்டு, விலாங்கை விட்டிருந்த வாளியில் ஊற்றினாள். விலாங்கு சுருண்டு படுத்தபடி அசையாமல் கிடந்தது. நிம்மதியாக இருக்கிறதா, சாகப்போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த குவளையைப் பிடித்தபடி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணியும் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.