இதயத்துடிப்புக் கருவி சொன்னது

சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் பெண்ணின் வயிற்றில் ஆறாம் மாதம் இதயத்துடிப்புக் கருவியை வைத்தபோது, துடிப்புக்குப் பதில் அவள் கணவனின் குரல் கேட்டது. “எதுத்துப் பேசுன, பல்லு இருக்காது” என்றது கருவி. முந்தைய நாள் அவன் சொன்னதுதான். நர்ஸ் பேட்டரியை மாற்றினார், பிறகு கருவியையே மாற்றினார். மூன்றாவது கருவி, கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தையும் சேர்த்துச் சொன்னது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன், “ரேடியோ எதையோ புடிக்குது போல சிஸ்டர்” என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். கியரை உடைக்கிறவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாத தங்கமான மனுஷன் என்று தெருவில் பெயர். அந்த ஆஸ்பத்திரியில் துணைக்கு வருகிறவருக்குக் கட்டிலோரம் நாற்காலி போட்டு, கேள்விகளையும் அவரிடமே கேட்பது வழக்கம். தூக்கம் வருதா? “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா.” மனக்கஷ்டம் ஏதாவது? “ராணி மாதிரி வச்சிருக்கேன்.” நர்ஸ் டிக் அடித்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வாயும் வயிறுமாக இருந்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தூங்கி இரண்டு மாதமாகியிருந்தது. வாசலில் சாவி திரும்பினால் அவள் சுவரோரம் நகர்ந்து நின்றுவிடுவாள். வயிற்றில் இருப்பதும் ஓர் ஓரமாக ஒதுங்கி, அசையாமல் கிடக்கும்.

எட்டாம் மாதம் கருவி அவள் குரலிலேயே பேசியது. “நாம ரெண்டு பேரும் இல்லாமப் போயிட்டா நிம்மதி.” மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவள் மனதுக்குள் நினைத்தது அது. வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“நீங்க வெளிய உக்காருங்க” என்றார் நர்ஸ்.

“நான் அவ புருஷன்.”

“தெரியுதுங்க. வெளிய உக்காருங்க.”

கதவைச் சாத்திவிட்டு நர்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “உன்னைக் கேக்காம விட்டுட்டேம்மா. இப்ப சொல்லு” என்றார். அவள் ஒன்றரை மணி நேரம் சொன்னாள். பாதியில்தான் கருவியில் துடிப்பு கேட்கத் தொடங்கியது.

அன்றே பின்வாசல் வழியாக அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். மனநல டாக்டரிடம் வாரம் ஒருமுறை போனாள். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அவளை அனுப்பிய அன்று அவன் சாயங்காலம்வரை வெளியே காத்திருந்தான். பாவம் மனுஷன் என்றார்கள் பார்த்தவர்கள்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. மூச்சு சீராக இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, நான்கு நிமிடம் அறையைக் காதுகொடுத்துக் கேட்டது. யாரும் கத்தவில்லை என்று உறுதியான பிறகு, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. டாக்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, எடை எவ்வளவு என்று கேட்டார்.