மாப்பிள்ளையும் மாட்டு இரத்தக்குழாயும்

எண்பத்திரண்டாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு மீராமுகைதீன் மாமா நிந்தவூரில் தன் தங்கை சல்மா உம்மாவின் வீட்டுக்கு வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய மாட்டு இருதயம். பகல் கறிக்கு அது. பகல் பேச்சுக்குத் தங்கை மகள் கமீலா.

கமீலாவுக்கு லண்டனில் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாளே பதில் போட வேண்டும். வாப்பா மீராசா நெஞ்சடைத்து மௌத்தான பிறகு அந்த வீட்டில் மாமா சொன்னால் சொன்னதுதான். அவளுக்குக் கலியாணமாகி மூன்றே மாதம். கணிதம் படிப்பிக்கும் மாப்பிள்ளை முனாப், ஊர் வழக்கப்படி ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தவன். சல்மா உம்மாவின் விருந்தில் அவனுடைய சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டை ஊரே அறியும்.

"என்னத்தப் படிக்கப் போற புள்ள? எனக்கு வெளங்கச் சொல்லு," என்றார் மாமா.

இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு கமீலாவுக்கு மறந்தே போயிற்று. உம்மா இருதயத்தை வெட்டிக்கொண்டிருந்த சட்டி கண்ணில் பட்டது. அதன் தலைப்பில் தடித்து நின்ற குழாயை அறுத்தெடுத்து, நெடுகக் கீறி, மாமாவின் முன் விரித்தாள்.

"உள்ளுக்குத் தடவிப் பாருங்க மாமா."

"வழுவழுண்டு இரிக்கி."

"இந்த மினுக்கம் ஒரேயொரு உயிர்க்கலம் தடிப்புத்தான். சும்மா தோல் எண்டுதான் முந்தி நினைச்சாங்க. ஆனா சுவருக்குள்ள இரிக்கிற தசைக் கலங்களுக்கு இது 'போதும், பெருகாத' எண்டு சொல்லிக்கிட்டே இரிக்கி. இது உரிஞ்சு போனா, சொல்ல ஆளில்ல. தசை பெருகி உள்ளுக்கு வந்து வழிய ஒடுக்கிப்போடும்."

"சதைக்குச் சதை கதைக்கிறத ஆருகா கேட்ட?"

"உள்தோல் கலம் வளந்த தண்ணிய எடுத்துத் தசைக் கலத்தில ஊத்தினா, அது பெருகிற குறையுது. அந்தத் தண்ணியில என்னமோ இரிக்கி. அது என்னெண்டு இன்னும் முழுசாத் தெரியா. அதத்தான் தேடப் போறன்." கமீலாவின் குரல் தணிந்தது. "வாப்பாக்கு எப்பிடி அடைச்ச எண்டு எனக்குத் தெரியா மாமா. ஆனா இப்பிடியும் அடைபடும்."

மாமா குழாயை மெல்லத் தடவியபடி இருந்தார். கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் கமீலா வாயை மூடியிருக்கலாம். மூடினாளா? படித்த பிள்ளையாயிற்றே, உதாரணம் சொல்லாமல் இருக்க முடியுமா?

"நம்மட வீடு மாதிரித்தான் மாமா. பொம்புள உள்தோல். மாப்பிள்ளை தசை."

மாமா மெதுவாகத் திரும்பி முனாபின் வயிற்றைப் பார்த்தார்.

"அப்ப நீ ரெண்டு வரியம் இல்லாட்டி, இந்தத் தசை பெருகி எங்கிட வாசலையே அடைச்சிருமே! சரி, முடிஞ்ச கதை. நீ போகேலா."

வீடே சிரித்தது. கமீலாவுக்கோ சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலாகிவிட்டது.

மாமியார் வீட்டில் மூன்று மாதமாகச் சாப்பிட மட்டுமே வாய் திறந்த முனாப், அப்போதுதான் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நம்மட ஊரில மாப்பிள்ளை எங்க இரிக்கிற?"

"இதென்ன கேள்வி? பொண்டாட்டிட வீட்டில."

"ரெண்டு வரியத்துக்கு இவட வீடு லண்டன்ல. அப்ப நான் எங்க இரிக்கணும்? பள்ளிக்கூடத்தில லீவும் கேட்டுட்டன்."

கமீலா அவனையே பார்த்தாள். அவளிடம்கூட அவன் மூச்சு விட்டிருக்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கைகால் ஓடவில்லை.

மாமா தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார். "வழக்கத்த மீறேலாதுதான். போங்க ரெண்டு பேரும்!"

சல்மா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கறிக்கு நேரமாகிவிட்டது. அந்தக் குழாயையும் சட்டியில் போடலாமென்று எடுத்து, வழக்கம்போல் உட்புறத்தில் கத்தியை வைத்தாள்.

மாமா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"உள்ளுக்குச் சுரண்டாத சல்மா! அதுதான் கதைக்கிற இடம்."