வெட்டாமல் விட்ட நூல்

தையல்காரர் தன் இடது நெஞ்சிலிருந்து நூலாகப் பிரிந்து போவதற்கு முன் கடைசியாகச் செய்த சாதாரண வேலை, கொல்லைக்கு வரும் குருவிகளுக்காக ஒரு கம்பிக் கூடை செய்ததுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. கோழிக்கூண்டு அடித்ததில் மிஞ்சிய கம்பி வலையில் ஒரு முழம் வெட்டி, குழாயாகச் சுருட்டி, மெல்லிய கம்பியால் ஓரத்தைத் தைத்தார். தைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். தொடங்கிய இடமும் முடித்த இடமும் தெரியவில்லை. குருவியின் காலில் குத்திவிடக் கூடாதென்று வெட்டுமுனைகளையெல்லாம் குறடால் உள்பக்கமாக மடக்கினார். உள்ளே வைப்பதற்குப் பஞ்சு, தேங்காய் நார், காய்ந்த புல், கடையில் மூட்டையாகக் கிடந்த நூல் கழிவு. நூல் விரல் நீளத்தைத் தாண்டக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். நீள நூலில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் செத்த குருவி ஒன்றை அவர் பார்த்திருந்தார். மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு நூலாக விரலில் வைத்து அளந்து நறுக்கினார். பக்கத்து வீட்டு லைன்மேன் மதில்மேல் தலையை நீட்டினார்.

"அண்ணே, நான் பேண்ட்டுத் துணி கொடுத்து நாலு மாசமாச்சு. குருவிக்கு மட்டும் உடனே டெலிவரியா?"

"குருவி அளவு குடுத்துட்டுப் போய் தொப்பை போடறதில்லப்பா."

நூல் கோத்த ஊசியைச் சட்டையின் இடது மார்பில் குத்தி வைத்திருப்பது அவருடைய முப்பது வருஷப் பழக்கம். குளிக்கப் போகும்போதுதான் எடுப்பார். சாயங்காலம் கூடையைக் கொய்யாக் கிளையில் மாட்டி, கடைசிப் பிடி நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திணித்தபோது, அந்த ஊசியின் நூல்வாலும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அன்று அவர் அளக்காத நூல் அது ஒன்றுதான். பெண் குருவி ஒன்று ஆள் நிற்பதையும் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்து, அத்தனை துண்டுகளையும் விட்டுவிட்டு அந்த நுனியைக் கவ்விப் பறந்தது. ஊசி கழன்று தரையில் விழுந்தது. நூல் அதோடு தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. சட்டையிலிருந்தே பிரிந்து, லைன்மேன் வீட்டு மீட்டர் பெட்டி வரை நீண்டு போயிற்று. தையல்காரர் கூச்சம் தாங்காமல் சிரித்தார். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சட்டை பிரிந்து முடிந்தது, செவ்வாய்க்கிழமை பனியன். புதன்கிழமை காலையில், ஊசி குத்தி வைக்கும் அதே இடத்தில், தோலிலிருந்தே நூல் வந்தது. சாம்பல் நிறம், சட்டை தைக்கிற பருமன். ரத்தம் இல்லை, வலியும் இல்லை.

அவர் மனைவி கத்தரியோடு வந்து நின்றாள். கடையில் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அவள்தான்.

"வெட்டிடட்டுமாங்க?"

"முடிச்சுப் போடாம வெட்டினா பிரிஞ்சு மொத்தமும் வந்துடும். உனக்கு நான் சொல்லணுமா?"

அவள் முடிச்சுப் போட்டாள். அன்று பகலுக்குள் பதினோரு முடிச்சுகள். குருவி இழுக்க இழுக்க ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் அவிழ்ந்து போயிற்று. டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. நூலை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை அவள் கூடையைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். குருவிகளுக்கு அது இனித் தேவைப்படவில்லை. பிறகு கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தாள். வெளியே குருவிகள் இழுத்தன, நூல் ஜன்னல் சட்டத்தில் இறுகியது, தையல்காரர் முதல்முறையாக அலறினார். அதற்குப் பிறகு, தன் புருஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறவற்றுக்காக அவளே தினமும் விடிவதற்குள் எழுந்து ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அரை நிமிஷம் தாமதமாகிவிட்டது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் குனிந்திருந்தார். குருவிச் சத்தம் கேட்டாலே அவள் கை ஜன்னல் கொக்கிக்குப் போக ஆரம்பித்தது.

தினமும் சாயங்காலம் டேப் வைத்து அவரை அளந்தாள். மார்பு முப்பத்தெட்டு, முப்பத்தாறரை, முப்பத்துநாலு. கணக்கு ஒன்றே ஒன்றுதான்: குஞ்சு பொரித்துவிட்டால் குருவிகள் கூடு கட்டுவதை நிறுத்திவிடும், அதுவரை இவர் மிஞ்சவேண்டும். அவற்றைத் திசைதிருப்ப அவள் மெத்தையைக் கிழித்துப் பஞ்சு வைத்தாள், கம்பளியைப் பிரித்து வைத்தாள், கடைசியில் தன் தலைமுடியை நறுக்கி வைத்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டன, அவர் நூலையும் விடவில்லை. வேறு தெருக் குருவிகளும் வந்து சேர்ந்தன. ஒரு கூடு முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த கூட்டுக்கு இழுத்துப் போயின. மீட்டர் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துக் குழாய்க்கும், அங்கிருந்து மருந்துக்கடைப் பலகைக்கும், தெருவிளக்குக்கும் துணிக்கொடி கட்டியதுபோல் நூல் ஓடியது. அவரோ வேலையை விடவில்லை. கை இளைத்துவிட்டதால் சின்னச் சின்னக் கழுத்துப்பட்டிகளாகத் தைத்தார். தன் சட்டைகளைத் தானே வாரத்துக்கு ஒருமுறை அளவு குறைத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் லைன்மேன் ஏணியோடு வந்தார். கூட்டையெல்லாம் எடுத்துவிட்டால் நூலைத் திரும்பச் சுற்றிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. மருந்துக்கடைப் பலகையில் ஏறி ஒரு கூட்டை இரண்டு கையாலும் தூக்கியதுதான் தாமதம், வீட்டுக்குள் தையல்காரர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கால் தரையில இல்ல! ஏய், யாரு என்னைத் தூக்குறது? கீழ வைடா!"

மனைவி தெருவுக்கு ஓடி வந்து கையை ஆட்டினாள். லைன்மேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, இதுல மூணு முட்டை இருக்கு" என்றார், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே. பிறகு, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் கூட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

அன்றிலிருந்து அவள் பயம் வீட்டை விட்டு வெளியே போய்த் தெரு முழுக்கப் பரவியது. பூனை, காற்று, மழை, காகம், பள்ளிக்கூடத்துப் பந்து, வெள்ளையடிக்க வருகிறவன் என்று எல்லாமே அவர்மேல்தான் விழப்போகின்றன என்று பட்டது. உள்ளே இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வெளியே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிடும். வெளியே போய் நின்றால் உள்ளே இருப்பவர் இன்னும் கொஞ்சம் குறைந்திருப்பார். வாசற்படியிலேயே நின்று சாப்பிட்டாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலையில் டேப் ஒன்பது அங்குலம் காட்டியது. முழங்கையளவுக்கு இருந்தார். அவரைத் தலையணைமேல் வைத்திருந்தாள். குரல் மட்டும் பழையபடியே கட்டையாக இருந்தது. அவள் மறுபடியும் கத்தரியைக் கையில் எடுத்தாள். முடிச்சு நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிற மட்டும் இருக்கட்டும் என்று நூலைக் கத்தரியின் வாய்க்குள் கொடுத்தாள். ஆனால் கத்தரியை மூடவில்லை. முதல் புதன்கிழமை வெட்டியிருந்தால் அவர் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. இப்போது வெட்டினால் எந்தப் பக்கம் அவர்? அவரிடமே கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார். "இங்கயும் உன்னப் பாக்கிறேன். மேல இருந்தும் பாக்கிறேன். மேல இருந்து பாத்தா உன் வகிடு கோணலா இருக்கு."

அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தாள். பதினோரு மணிக்கு நூலின் கடைசி நுனி ஜன்னல் சட்டத்தைத் தாண்டிப் போயிற்று. இழுத்துப் போன குருவி அதை லைன்மேன் வீட்டு மாடத்தில் பதினேழாவது கூட்டுக்குள் செருகியது. மறுநாள் காலை மருந்துக்கடைப் பலகையிலிருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கூடாகப் பொரித்தது. குருவிகள் நூல் தேடுவதை விட்டுவிட்டுப் புழு தேடப் போயின. ஒரே ஒரு நாள் வித்தியாசம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷங்கள் ஆகின்றன. இரண்டு புயல்கள் வந்து தெருவிளக்கைக்கூடச் சாய்த்தன. அதில் இருந்த கூடு விளக்கோடு சாய்ந்து, விளக்கோடு நிமிர்த்தப்பட்டது. நகராட்சிக்காரர்கள் வெள்ளையடிக்கும்போது கூடுகளைச் சுற்றி ஒரு சாண் விட்டு அடிக்கிறார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக் குழாய்க்குப் பக்கத்தில் பழக்கத்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். லைன்மேனின் பேண்ட்டைத் தையல்காரரின் மனைவியே தைத்துக் கொடுத்தாள். இடுப்பு கொஞ்சம் பிடிக்கிறது என்றார், ஆனால் போட்டுக்கொள்கிறார். டாக்டருக்கு வயதாகிவிட்டது. இருந்தும் வருஷத்துக்கு ஒருமுறை, குருவிகள் அதிகம் முட்டையிடாத குளிர் மாதத்தில் வருகிறார். முட்டையோ குஞ்சோ இல்லாத கூடாகப் பார்த்து, லைன்மேன் பிடித்துக்கொள்ளும் ஏணியில் ஏறி, தெர்மாமீட்டரை உதறி உள்ளே வைத்து இரண்டு நிமிஷம் காத்திருக்கிறார். தையல்காரரின் மனைவி கீழே நின்றுகொண்டிருப்பாள். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்துச் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.